விளையாட்டில் கல்வி

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களுக்குச் சுற்றுப்பயணம் செல்லும்போதெல்லாம், பிள்ளைகள் விளையாடியே பொழுதைக் கழிக்கிறார்கள் என்று பெற்றோர் முறையிடக் கேட்கிறேன். அம்முறையீட்டில் உண்மை சிறிது உண்டு. ஆயினும் எந்த விளையாட்டு கல்வி தரும், எது தராது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம். 14 குழிகள், குழிக்கு 5 வீதம் 70 காய்கள். பலகை இல்லையேல் மணலில் குழி பறித்துக் கிளிஞ்சல் இட்டும் ஆடலாம். எக்குழியிலிருந்து எடுத்தால் கடைசிக் காய் எங்கே விழும், அதனால் கிடைப்பது எவ்வளவு என்று ஆடுபவள் முன்கூட்டியே மனத்தில் எண்ணிப் பார்க்கிறாள். கணக்குப் பிழைத்தால் எவரும் கடிந்துகொள்ள வேண்டுவதில்லை; காய் கிடைக்காமற் போவதே போதும். மறு ஆட்டத்தில் திருத்திக்கொள்ளலாம். தீர்மானம் பிள்ளையினுடையதாயிருந்து, பிழையும் உடனே அதற்கே புலப்படுமாயின் அவ்விளையாட்டு கல்வியாகிறது.

ஒருமுறை நானே எண்கள் அச்சிட்ட கட்ட அட்டைகள் வாங்கி ஒரு குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பகடையை உருட்டி, காய் நின்ற கட்டத்தின் எண்ணை உரக்கச் சொல்லவேண்டும், அவ்வளவே. அடுத்த மாதம் போய்ப் பார்த்தபோது அட்டையின்மேல் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது! பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. யாவற்றையும் பகடையே முடிவு செய்தது. அவர்கள் சிந்திக்க அதில் இடமில்லை. ஆடுபுலி ஆட்டத்திலோ 3 புலிகளை 15 ஆடுகள் மடக்கவேண்டும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் யோசனை தேவை.

நொண்டியாட்டத்தில் 'இது யார் முறை' என்று எழும் சச்சரவையும் வீணென்று எண்ணற்க. இவ்வேரியில் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கத்தைப் பெரியவர்கள் நெடுங்காலமாகக் காத்து வருகின்றனர். முறைக்குக் காத்திருக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு இங்கேதான் தொடங்குகிறது. ஆகவே சண்டையைத் தீர்க்கப் பெரியவர்கள் விரைந்து புகாதிருத்தல் வேண்டும்.

நம் திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில் 2022 ஜூன் மாதம் தொடங்கப்பெற்ற 'எண்ணும் எழுத்தும்' திட்டம், தொடக்க வகுப்புகளில் ஆடல் பாடல் வழிக் கற்பித்தலுக்கு இடமளித்துள்ளது. ஊராட்சிகள் செய்யவேண்டுவது சிறிதே. பள்ளியருகே நிழலுள்ள மணற்றிடல் ஒன்றை, வலையும் படகுச் சாமான்களும் அடையாமல் ஒதுக்கித் தருக. ஆட்ட விதிகளை நன்கறிந்த மூதாட்டியரை வாரம் ஒருநாள் அழைத்து வருக. மதிப்பெண்ணும் பரிசும் வேண்டா. மிகச் சிறு குழந்தைகள் இருக்குமிடத்தில் மட்டும் புளியங்கொட்டை, சோழி முதலியவற்றைக் கைக்கெட்டாமல் வைக்கவேண்டும், விழுங்கிவிடக்கூடும்.