தைத்துச் செய்யும் தோணி

தோணி கட்டுதல் தச்சருள்ளும் வல்லார்க்கே உரிய தொழில் என்பர். ஏரா என்னும் அடிமரத்தை நிறுத்தி, அதன்மேல் விலாச்சட்டங்களை வளைத்து நாட்டி, அவற்றின்மேற் பலகை அறைதல் ஒரு பழைய முறை. அச்சட்டங்களைப் பிழையின்றி வளைத்தற்கு நெடும்பயிற்சி வேண்டும். எனவே, எளிய குடும்பத்தார் தமக்கெனப் பாய்த்தோணி ஒன்று பெறுதல் அரிதாயிருந்தது.

இங்கிலாந்தில் இக்குறையைப் பெரிதும் நீக்கியது ‘மிர்ரர்’ என்னும் சிறுதோணி. படகமைப்பிற் சிறந்த ஜாக் ஹோல்ட்டும், வீட்டுவேலைகளைத் தாமே செய்துகொள்ளும் வகையைத் தொலைக்காட்சியிற் கற்பித்த பாரி பக்னெல்லும் இதனை வகுத்தனர். ‘டெய்லி மிர்ரர்’ நாளிதழின் ஆதரவால் 1963-ஆம் ஆண்டில் வெளிவந்தமையின் இப்பெயர் பெற்றது. நீளம் ஏறக்குறைய 11 அடி. உடலின் எடை ஏறக்குறைய 45 கிலோ. வெட்டிய பலகை முதலியன அடங்கிய கட்டின் விலை அன்று 63 பவுன் 11 ஷில்லிங்.

இதன் நுட்பம் யாதெனின், தையற்காரர் வெட்டிய துணியிற் சட்டை அடங்கியிருத்தல்போல, தோணியின் வடிவம் பலகையின் வெட்டிலேயே அடங்கியிருத்தலாம். மெல்லிய ஒட்டுப்பலகைகளின் ஓரங்களில் துளையிட்டுச் செப்புக் கம்பியால் தைத்து முறுக்கினால், ஓரங்கள் ஒன்றையொன்று பற்ற, தட்டைப் பலகை தோணியாகக் குவியும். பின்னர்க் கண்ணாடி நார் நாடாவையும் பிசினையும் கொண்டு மூட்டுவாய்களை அடைப்பர். முற்காலத்தில் சென்னைக் கரைக்கும் கப்பலுக்கும் இடையே ஓடிய மசூலாப் படகுகளும் கயிற்றால் தைக்கப்பட்டனவே. ஆயின், அங்கே தையலே பலகைகளை என்றும் பிணைத்து, அலை மோதுங்கால் நெகிழ்ந்து கொடுத்தது. இங்கே தையல், பிசின் இறுகுமளவும் பற்றி நிற்பது மட்டுமே.

பாய்மரம் குட்டையானது, அதன்மேற் பருமல் ஒன்றை உயர்த்திப் பாய் விரிப்பர். அவற்றைக் கழற்றித் தோணியினுள்ளே வைத்து, மோட்டார் வண்டியின் கூரைமேலேற்றி, ஏரிக்கோ கடற்கரைக்கோ குடும்பத்தோடு செல்லலாம்.

முன்னும் பின்னும் இருமருங்கும் அடைத்த காற்றறைகள் உள. தோணி கவிழினும் அவை அதனை மிதக்கச் செய்யும். ஆனால், அவற்றின் மூட்டில் ஊசித்துளை ஒன்று எஞ்சினும் நீர் மெல்லப் புகும். துணையாகவேண்டிய அறையே பாரமாகிவிடும். கூலி கொடுத்துச் செய்வித்தவன் குற்றத்தைத் தச்சன்மேற் சுமத்தலாம். தன் கையாற் செய்து தன் மக்களை ஏற்றுபவன் யார்மேற் சுமத்துவான்? ஆதலின், வண்ணம் பூசியபின் எவர் கண்ணுக்கும் புலப்படாத மூட்டுகளையே அவன் இருமுறை சோதித்தல் வேண்டும். இவ்வகையில் 70,000-க்கு மேற்பட்ட தோணிகள் எழுந்துள்ளன. அவற்றுட் பல, முன்பு உளி பிடித்தறியாதார் கைவேலையே என்பது நமக்கும் ஊக்கமளிப்பதாகும்.