டிஎன்எஸ் சர்வரை ‘சிறை’யில் வைப்பது ஏன்?

பிரவுசரில் வங்கியின் பெயரை டைப் செய்கிறோம். அந்தப் பெயருக்குரிய ஐபி எண்ணைத் தேடித் தருவது டிஎன்எஸ் சர்வர். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த முறை இது. இந்த சர்வர் அந்நியர் கைக்குப் போனால், சரியான பெயரை டைப் செய்தாலும் போலித் தளத்தில் போய் நிற்போம்.

2001-ல் நடந்தது என்ன?

‘பைண்ட்’ என்பது பரவலாகப் பயன்படும் டிஎன்எஸ் மென்பொருள். அதன் 8-வது பதிப்பில் ஓட்டை இருப்பதாக 2001 ஜனவரியில் எச்சரிக்கை வந்தது. திருத்திய பதிப்பும் கிடைத்தது. பலர் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிட்டார்கள். மார்ச்சில் ‘லயன்’ என்ற வார்ம் அதே ஓட்டை வழியாக லினக்ஸ் சர்வர்களுக்குள் நுழைந்து, பாஸ்வேர்டு ஃபைல்களை மின்னஞ்சலில் வெளியே அனுப்பியது.

சிறை எப்படி வேலை செய்கிறது?

1979-ல் யூனிக்ஸில் வந்த ‘சிஎச்ரூட்’ வசதிதான் அந்தச் சிறை. ஒரு ஃபோல்டரைக் காட்டி, ‘இதுதான் மொத்த டிஸ்க்’ என்று புரோகிராமை நம்ப வைப்பது. அதற்கு வெளியே உள்ள பாஸ்வேர்டு ஃபைல் அதன் கண்ணிலேயே படாது. திருடன் நுழைந்தாலும் வெறும் அறைதான் மிச்சம்.

அதனால், சர்வருக்குத் தேவையான கான்ஃபிகரேஷன், ஸோன் ஃபைல்கள், நேர மண்டல ஃபைல், சில டிவைஸ் ஃபைல்கள் எல்லாவற்றையும் உள்ளேயே வைக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் சர்வர் கிளம்பாமல் போகலாம். லாக் பதிவாகாமலும் போகலாம்.

சிறை மட்டும் போதுமா?

போதாது. டிஎன்எஸ் இயங்கும் போர்ட் எண் 53. யூனிக்ஸ் வழக்கப்படி 1024-க்குக் கீழான போர்ட்டைத் திறக்க ரூட் அதிகாரம் வேண்டும். திறந்த பிறகும் அதே அதிகாரத்தில் ஓடவிட்டால், பூட்டிட்டு சாவியைத் திருடன் கையிலேயே கொடுத்த கதைதான். ரூட் அதிகாரம் உள்ள புரோகிராம் இந்தச் சிறையை உடைத்து வெளியே வந்துவிடும். எனவே போர்ட்டைத் திறந்ததும் சாதாரண பயனராக மாறும்படி அமைப்பது கட்டாயம். ஸோன் ஃபைல்களைப் படிக்க மட்டும் அனுமதிப்பதும் நல்லது.

போலிப் பதில்களைச் சிறை தடுக்காது. அதற்கு டிஎன்எஸ்செக் இருக்கிறது. ஓட்டையையும் அது அடைக்காது. உள்ளே வந்தவர் செய்யும் சேதத்தைத்தான் குறைக்கும். அப்டேட் வந்தால் அன்றே போட்டுவிடுவதுதான் முதல் பாதுகாப்பு.