பார்வையற்றோருக்குப் பாலிசி இல்லையா?

உழைக்கிறார், ஊதியம் பெறுகிறார், வரி செலுத்துகிறார். அந்த வரிப் பணத்தை, "பார்வையற்றவர் தந்தது" என்று எந்தச் சர்க்காரும் ஒதுக்குவதில்லை. ஆனால் அதே மனிதர், தமக்குப் பின் மனைவி மக்கள் தெருவில் நிற்கக்கூடாதே என்று இன்ஷூரன்ஸ் எடுக்கப் போனால் என்ன நடக்கிறது? விண்ணப்பத்தைப் பார்க்கிறார்கள், விழியைப் பார்க்கிறார்கள். பிறகு, "பிரீமியம் கூடும்" என்பார்கள், அல்லது "பாலிசி இல்லை" என்பார்கள்!

காரணம் கேட்டால், "விபத்துக்கு ஆளாவாரே" என்று பதில் வரும். கணக்கு இருந்தால் மேசைமேல் வைக்கட்டும்! இல்லையென்றால் அது கணக்கல்ல, வெறும் எண்ணம். எண்ணத்துக்கு எதற்குப் பிரீமியம்?

சட்டம் இல்லையா? இருக்கிறது. உடல்நல இன்ஷூரன்ஸிலும் ஆயுள் இன்ஷூரன்ஸிலும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாகுபாடு கூடாது என்கிறது ஐ.நா. ஒப்பந்தத்தின் 25ஆம் பிரிவு. 2007இல் இந்தியா அதை ஏற்றது. அதற்கும் முன்பே, 1995இல், ஒரு பாலிசியைச் சர்க்கார் ஊழியருக்கும் பெரிய கம்பெனிச் சம்பளக்காரருக்கும் மட்டும் என்று ஒதுக்கி வைத்த நிபந்தனையைச் சுப்ரீம் கோர்ட் செல்லாதென்றது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பாகுபாட்டைத் தடுக்கிறது. ஆனால், நியாயமான நோக்கமும் அதற்கேற்ற வழியும் என்று காட்டிவிட்டால் விலக்கு உண்டாம். முன்வாசலைப் பூட்டி, கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்த கதையன்றோ இது! டில்லி ஐகோர்ட் 2022இல் தலையிட்ட பின்னர், ஐதராபாத்திலுள்ள இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம், மாற்றுத்திறனாளிகளுக்குப் பாலிசி தந்தாக வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் உத்தரவிட்டது. வரவேற்கிறோம். ஆனால் அந்த உத்தரவு உடல்நல இன்ஷூரன்ஸுக்குத்தான். ஆயுள் இன்ஷூரன்ஸ் என்ன ஆயிற்று?

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். பார்வையின்மை என்ற ஒரே காரணத்துக்காகப் பாலிசி மறுக்கக்கூடாது, தொகையைக் குறைக்கக்கூடாது, கட்டணத்தை உயர்த்தக்கூடாது என்கிறது. பார்வையைப் பறித்த நோய் வேறு, பார்வையின்மை வேறு. நீரிழிவால் பார்வை போயிருந்தால் நீரிழிவைக் கணக்கிடு, மற்ற நீரிழிவுக்காரருக்குப் போடும் அதே கணக்கைப் போடு. பார்வை இல்லாததற்குத் தனி அபராதம் போடாதே! கம்பெனிக்கும் நட்டமில்லை, மனிதருக்கும் இழிவில்லை.

அந்த ஒரு வரியை இங்கே எழுதுவதற்கு என்ன தடை? டில்லி சர்க்கார் அதைச் சட்டமாக்க வேண்டும். மறுக்கும் கம்பெனி எழுத்தில் காரணம் தர வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பும் கம்பெனியுடையதே. வாசல் வாசலாக ஏறி இறங்கும் பார்வையற்றவருடையதல்ல.

அவர்கள் சலுகை கேட்கவில்லை, இரக்கம் கேட்கவில்லை. பணம் கட்டுகிறோம், பாலிசி தா என்கிறார்கள். இந்த நியாயம் புரிவதற்குக் கண்கூட வேண்டியதில்லை, மனம் இருந்தால் போதும்!