எடை நின்ற இடத்தில் கடை விரிப்பவர்கள்

உடம்பைக் குறைக்க இறங்குகிறவர்கள் முதல் மாதத்தில் ஏமாறுவதில்லை. அப்போது எடை மளமளவென்று இறங்கும், உற்சாகம் இருக்கும், யார் பேச்சும் காதில் ஏறாது. மூன்றாவது, நான்காவது மாதம்தான் ஆபத்து. 86 கிலோவில் ஆரம்பித்தவர் 78க்கு வந்து அங்கேயே நிற்பார். காலை நடை அதேதான், இரவு இரண்டு சப்பாத்தி அதேதான். மெஷின் மட்டும் 78ஐ விட்டு இறங்காது. அந்த வாரம்தான் பக்கத்து வீட்டு அக்கா பவுடர் டப்பாவோடு வருவார். ஜிம் மாஸ்டர் "ஒரு ஊசி இருக்கு சார்" என்பார். ஸ்லிம்மிங் சென்டரிலிருந்து போன் வரும்.

திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நகையை அடகு வைத்து பேக்கேஜ் கட்டிய ஆசிரியை, ரசீதைக் கேட்டால் "வாட்ஸப்பில் இருந்தது, போன் மாத்திட்டேன்" என்கிறார். பேர் தெரியாத மாத்திரை தின்று படபடப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனவர், டாக்டர் கேட்டபோது அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டதாகச் சொல்கிறார். யூடியூப் பார்த்துப் பட்டினி கிடப்பவர்கள் தனிக் கூட்டம். 2025 ஜூலையில் கன்னியாகுமரி மாவட்டத்தில் மாதக்கணக்கில் பழச்சாறு மட்டும் குடித்துவந்த பதினேழு வயதுப் பையன் இறந்த செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. படித்துவிட்டு "ஐயோ பாவம்" என்று சொன்ன வீட்டிலேயே அடுத்த வாரம் ஜூஸ் டயட் ஆரம்பிக்கிறார்கள்.

எடை நிற்பது நோயல்ல, தோல்வியும் அல்ல. முதல் இரண்டு வாரத்தில் இறங்குவதில் கணிசமான பங்கு தண்ணீர். உடம்பில் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகும். பிறகு கொழுப்பு மெதுவாகத்தான் கரையும். உடம்பு சிறுத்தால் அதற்கு வேண்டிய கலோரியும் குறையும். 86 கிலோவுக்குக் குறைவாக இருந்த சாப்பாடு 78 கிலோவுக்குச் சரியான அளவாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, குறைவாகச் சாப்பிடும் உடம்பு நமக்குத் தெரியாமலே அசைவைக் குறைத்துக்கொள்ளும். மாடிக்குப் பதில் லிஃப்ட், நிற்பதற்குப் பதில் உட்காருவது.

இன்னொன்றும் உண்டு, கேட்டால் கோபம் வரும். "எவ்வளவு குறைவாகச் சாப்பிட்டாலும் எடை குறையவில்லை" என்று சொன்னவர்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்து 1992இல் வெளியானது. அவர்களுடைய தைராய்டும் உடம்பு எரிக்கும் கலோரியும் சரியாகவே இருந்தன. தாங்கள் சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், செய்த உடலுழைப்பைப் பாதிக்கு மேல் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். வேண்டுமென்று சொன்ன பொய்யல்ல அது. நம் கண்ணுக்கு அளவு தெரியாது, அவ்வளவுதான்.

ஆகவே காசு செலவழிக்கும் முன் சமையலறைக்குப் போங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் வாங்கினால் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாற்பது மில்லிக்கு மேல், ஏறக்குறைய 350 கலோரி. ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று மருத்துவர்கள் சொல்லும் அளவுக்கு இறக்கினால் தினம் 200 கலோரி மிஞ்சும். முக்கால் மணி நேரம் வேர்க்க நடந்து எரிப்பது அவ்வளவுதான். அரிசியை விட்டுத் தினைக்கும் சாமைக்கும் மாறியவர்கள் கவனிக்க: நார்ச்சத்து கூடும், ஆனால் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. தட்டு நிறையச் சாப்பிட்டால் தட்டு நிறையத்தான் கணக்கு. பருப்பு, முட்டை, மீன், சுண்டல் எது முடியுமோ அதைக் கூட்டி, சோற்றைக் குறைத்து, வாரம் இரண்டு மூன்று நாளாவது பளு தூக்கும் பயிற்சி செய்யுங்கள். வெறும் நடை தசையைக் காப்பாற்றாது.

எடையை வாரம் ஒரு நாள், காலையில், கழிவறை போய்விட்டு, ஒரே மெஷினில் பாருங்கள். இடுப்புச் சுற்றளவையும் எழுதுங்கள். நம்மவர்களுக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது எல்லை. எடை நின்று இடுப்பு குறைந்தால் கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கிறது. நாலு வாரம் எடையும் இடுப்பும் இரண்டுமே நகராவிட்டால்தான் அடுத்த கதவைத் தட்ட வேண்டும். அந்தக் கதவு டாக்டருடையது, சென்டருடையது அல்ல.

அரசு மருத்துவமனையில் பொது மருத்துவம் ஓ.பி. சீட்டுப் போடுங்கள். பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் சர்க்கரையும் பிரஷரும் அங்கேயே பார்த்துவிடலாம். தைராய்டுக்கு டி.எஸ்.ஹெச். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாத பெண்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குறட்டை விட்டுத் தூங்கி, காலையில் அசதியோடு எழுகிறவர்களும் சொல்ல வேண்டும். வீட்டிலிருக்கும் அத்தனை மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். கிளிமெபிரைடு போன்ற சில சர்க்கரை மாத்திரைகள், இன்சுலின், ஒலான்சபின் போன்ற மனநல மருந்துகள், வலிப்புக்கான வால்ப்ரோயேட், ஸ்டீராய்டு எல்லாம் எடையை ஏற்றக்கூடியவை. மூட்டுவலிக்கு லேபிள் இல்லாத பொட்டலத்தில் வாங்கும் 'நாட்டு மருந்தில்' ஸ்டீராய்டு கலந்திருப்பதும் உண்டு. இதைப் படித்துவிட்டு நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடாதீர்கள். மறுபடி சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள். மாற்று மருந்து இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்பதோடு உங்கள் வேலை முடிந்தது. தைராய்டு கோளாறு இல்லாதவர் எடைக்காக அடுத்தவரின் தைராய்டு மாத்திரையைப் போடுவது இதயத்தோடு விளையாடுவது.

இனி பவுடரும் மாத்திரையும். சிபுட்ரமின் என்ற மருந்து பசியை அடக்கும். மாரடைப்பும் பக்கவாதமும் வருகிறதென்று 2011இல் இந்தியாவில் தடை செய்தார்கள். 'மூலிகை' என்று விற்கும் ஸ்லிம்மிங் பொருள்களில் அதைத் திருட்டுத்தனமாகக் கலப்பது உலகம் முழுக்கப் பிடிபட்ட மோசடி. தின்றதும் வாய் வறண்டு, தூக்கம் போய், நெஞ்சு படபடத்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டப்பாவை எறியாதீர்கள். அதுதான் சாட்சி. பக்க விளைவைப் பதிவு செய்ய 1800 180 3024 என்ற இலவச எண் இருக்கிறது.

வாங்கும் முன்பே டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பதினான்கு இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, காலாவதித் தேதி, 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற வாசகம் நான்கும் இருக்க வேண்டும். அந்த எண்ணை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தளத்தில் போட்டால் உரிமம் யார் பேரில், உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். எண் இருப்பதால் எடை குறையும் என்று அரசாங்கம் கையெழுத்துப் போட்டதாக அர்த்தமில்லை. சந்தேகமிருந்தால் டப்பாவின் நான்கு பக்கப் படத்தோடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸப் எண்ணுக்கு அனுப்புங்கள். அந்தத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்கு எழுத்தில் ஒரு நகல் கொடுங்கள். நீங்களே பரிசோதிக்கவும் சட்டம் வழி விட்டிருக்கிறது. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40வது பிரிவின்படி, பொருள் வாங்கும்போதே "இதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் தெரிவித்துவிட்டு, கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம். சென்னையில் கிண்டி கிங் ஆய்வக வளாகத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. தப்பு நிரூபணமானால் கட்டணம் திரும்பி வரும். மருந்து கலந்திருக்கும் சந்தேகம் என்று மனுவிலேயே எழுதுங்கள். சொல்லாவிட்டால் வழக்கமான சோதனையோடு முடித்துவிடுவார்கள்.

உடல் பருமனைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். 1954ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின் பட்டியலில் உடல் பருமன் பேர் சொல்லி இருக்கிறது. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை. எழுபது வருஷமாகச் சட்டம் இருக்கிறது, எழுபது வருஷமாகப் பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸும் இருக்கிறது. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் கேட்டால் "அது உணவுப் பொருள்" என்பார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் கேட்டால் "மருந்து மாதிரி விக்கிறாங்க, நாங்க என்ன பண்ண" என்பார்கள். இந்தப் பந்து விளையாட்டுக்கு ஒரே வழி, ஒரே புகாரை இரண்டு பேருக்கும் அனுப்பி, இரண்டிலும் 'நகல் அவர்களுக்கும் அனுப்பப்பட்டுள்ளது' என்று எழுதுவது. மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர் அலுவலகம் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கிறது. உணவென்றே வைத்துக்கொண்டாலும், தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஊசி பற்றிச் சுருக்கமாக. மௌன்ஜாரோ, வீகோவி என்ற எடைக் குறைப்பு ஊசிகள் 2025இல் இந்தியக் கடைகளுக்கு வந்தன. வேலை செய்யும் மருந்துகள்தான், ஆனால் டாக்டர் சீட்டோடு, பில்லோடு, குளிர்பெட்டியில் வைத்த மருந்தாக வாங்க வேண்டியவை. ஜிம்மில் சிரிஞ்சில் ஏற்றித் தருவது என்னவென்று தருகிறவருக்கே தெரியாது. அந்த ஊசியிலும் ஒரு கட்டத்தில் எடை நிற்கும். நிறுத்தினால் பெரும்பாலும் ஏறும்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது ஸ்லிம்மிங் சென்டர் விவகாரம். சேரும் நாளில் எடை எடுப்பதைப் பாருங்கள். மாலை நாலு மணி, மதியச் சாப்பாடு வயிற்றில், ஜீன்ஸும் பெல்ட்டும் இடுப்பில். அடுத்த எடை காலை வெறும் வயிற்றில், அவர்கள் தரும் மெல்லிய கவுனில். ஒன்றரைக் கிலோ அங்கேயே 'குறைந்துவிடும்'. டேப்பும் அப்படித்தான், முதல் நாள் தளர்வாக, பிறகு சதை பிதுங்க இழுத்து. ஒப்பந்தம் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கும்; 'பலன் ஆளுக்கு ஆள் மாறும்', 'பணம் திருப்பித் தரப்படாது' என்ற வரிகளுக்குக் கீழேதான் கையெழுத்து வாங்குவார்கள்.

கட்டித்தான் தீருவீர்களென்றால் மூன்று விஷயம். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். "பத்து கிலோ கேரண்டி" என்று வாயால் சொன்னதைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஓ.டி.பி. கேட்டால் எதற்கென்று கேளுங்கள்; பல இடங்களில் அது உங்கள் பேரில் எடுக்கும் கடன். சென்டரை மூடிவிட்டுப் போனாலும் தவணை ஓடும்.

கட்டி ஏமாந்தவர்கள் செய்ய வேண்டியது இது. ஒப்பந்தம், ரசீது, வங்கி ஸ்டேட்மென்ட், எடை அட்டை, வாட்ஸப் உரையாடல் எல்லாவற்றையும் இன்றே அச்செடுங்கள். ரசீதிலுள்ள ஜி.எஸ்.டி. எண்ணை ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டால் நிறுவனத்தின் சட்டப்படியான பெயர் வரும். போர்டில் ஒரு பேரும் பதிவில் வேறு பேரும் இருக்கும். போர்டுப் பேரில் வழக்குப் போட்டு இழுபட்டவர்கள் ஏராளம். பிறகு ஒரு கடிதம்: சேர்ந்த தேதி, கட்டிய தொகை, முடிந்த சிட்டிங், மீதி எத்தனை, எவ்வளவு திரும்ப வேண்டும், பதினைந்து நாள் கெடு. கிளைக்கும் பதிவு அலுவலகத்துக்கும் விரைவு அஞ்சலில் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான அத்தாட்சியை எடுத்து வையுங்கள். கடன் வாங்கியிருந்தால் அதே நாளில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுத்தில் புகார். முப்பது நாளில் பதிலில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். வழி கேட்க 14448. தவணையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சிபில் கடன் மதிப்பெண் கெடும்.

பதினைந்து நாள் கழித்து 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களால் சமரசம்தான் பேச முடியும், உத்தரவு போட முடியாது. 1915க்குப் போன் போட்டதோடு திருப்தியாகி உட்கார்ந்துவிடுகிறவர்களால்தான் இந்தக் கடைகள் பிழைக்கின்றன. உத்தரவு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். நிறுவனம் மும்பையில் இருந்தாலும் சரி. கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்திலும் பதியலாம். மனு, அதற்கான பிரமாணப் பத்திரம், ஆவணப் பட்டியல், நகல்கள்; எத்தனை நகல் என்பதை அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு தாளுக்காகத் திருப்பி அனுப்புவார்கள். 'பணம் திரும்பாது' என்ற வரியைப் பார்த்து மிரள வேண்டாம். குறைபாடான சேவைக்குப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம் என்று அதே சட்டம் சொல்கிறது.

காலக்கெடு இரண்டு வருஷம். இரண்டே வருஷம். "பார்த்துக்கலாம்" என்று இருந்தவர்கள் இதில்தான் விழுகிறார்கள்.

மூன்று மாதத்தில் தீர்ப்பு சொல்ல முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, வாய்தா வாங்குவதைத் தடுக்கத்தான் ஆளில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போங்கள். நீங்கள் வராவிட்டால் வழக்கு தள்ளுபடி ஆகலாம். உங்கள் பக்கம் ஆணை வந்தால் எதிர்த்தரப்பு 45 நாளுக்குள் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம், ஆனால் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் அதே ஆணையத்தில் 72வது பிரிவில் மனுப் போடுங்கள். ஆணையை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இருபத்தைந்தாயிரத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அந்த நோட்டீஸ் போன பிறகுதான் பல சென்டர்களின் அக்கவுண்டன்டுக்குச் செக் புத்தகம் எங்கே இருக்கிறதென்று நினைவு வருகிறது.