ஒரு மலையை எத்தனை விதமாய் வாசிக்கலாம்?

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த டிசி-8 விமானம், கட்டுநாயக்காவில் இறங்கவேண்டிய வேளையில் நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே ஏழு கன்னியர் மலைத்தொடரில் மோதியது. உள்ளே இருந்த 191 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

இந்த வரிகளைப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் கண்டிருந்தால் உங்கள் மனம் ஒரு வேலையைச் செய்திருக்கும். ஒரு சிறுகதையின் தொடக்கமாகக் கண்டிருந்தால் வேறொரு வேலையைச் செய்திருக்கும். எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது.

இது வெறும் ஊகமில்லை. நெதர்லாந்து உளவியலாளர் ரோல்ஃப் ஸ்வான் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் சோதித்தது. செய்தி என்றாலும் நம்பலாம், இலக்கியம் என்றாலும் நம்பலாம் என்கிற மாதிரியான பத்திகளை அவர் தேர்ந்தெடுத்தார். ஒரு சாராரிடம் ‘இது செய்தி’ என்று சொல்லிக் கொடுத்தார். மற்றச் சாராரிடம் அதையே ‘இது இலக்கியம்’ என்று சொல்லிக் கொடுத்தார். இலக்கியம் என்று நம்பியவர்கள் மெதுவாக வாசித்தார்கள். எந்தச் சொல் வந்தது, வாக்கியம் எப்படி அமைந்தது என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. செய்தி என்று நம்பியவர்கள் விரைவாக வாசித்தார்கள். சொற்கள் அவர்களுக்கு மறந்துபோயின. ஆனால் என்ன நடந்தது, எதனால் எது விளைந்தது என்கிற நிலவரம் தெளிவாகப் பதிந்திருந்தது.

‘நாவல்’, ‘அறிக்கை’, ‘கவிதை’ என்று அட்டையில் போடுவதை நூலகர் அடுக்குவதற்கான வசதி என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தோம். உண்மையில் அது வாசிப்பவரின் மூளைக்கு முன்கூட்டியே கிடைக்கும் கட்டளை. தேயிலைச் செடி ஒன்றுதான். கொழுந்து பறிக்கிறவர் அதைப் பார்ப்பது ஒரு மாதிரி, கவ்வாத்து வெட்டுகிறவர் பார்ப்பது இன்னொரு மாதிரி. எதைத் தேடவேண்டும் என்று தெரிந்த பிறகுதான் கண் வேலை தொடங்குகிறது.

சென்ற ஆண்டை இந்த எண்ணத்தோடுதான் வாசித்துக் கழித்தேன். ஒரே வகையில் இரண்டு புத்தகத்தை அடுத்தடுத்துத் தொடுவதில்லை என்பது மட்டுமே விதி. முடிந்தவரை எங்கள் மலைகளைப் பற்றியதாக இருந்தால் நல்லது என்று இன்னொரு ஆசையும் இருந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது. ஹட்டனுக்குப் பஸ் ஏறாமலே, அச்சில் இல்லாத மலையக நூல்கள் பலவற்றைக் கைத்தொலைபேசியில் திறக்க முடிகிறது.

முதலில் அந்த விமான விபத்தின் அறிக்கை. விமானம் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதும், விமான நிலையத்துக்கும் தமக்கும் உள்ள தூரத்தை விமானிகள் தவறாகக் கணித்ததும்தான் காரணம் என்கிறது அது. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் நம்பியிருந்ததில் பிழை நுழைய இடம் இருந்தது என்றும் சொல்கிறது. இதில் துக்கத்துக்கு ஒரு வரி கிடையாது. அதைக் கல்நெஞ்சம் என்று நினைப்பது வாசிப்புப் பிழை. அடுத்த விமானம் எப்படித் தப்பும் என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் விலக்கி வைக்கும் எழுத்து அது. அதே 1974இல்தான் தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ நாவலும் வெளிவந்தது. தோட்டத்து வாழ்க்கையை உள்ளிருந்து சொல்லும் அந்த நாவலை அறிக்கை முடித்த கையோடு எடுத்தேன். முதல் சில பக்கங்களில் கண் வழுக்கிக்கொண்டே போனது. என்ன நடந்தது, யார் காரணம் என்று அறிக்கை வாசிப்பது போலவே தேடியது. யாரோ பேசுகிற பேச்சில் காது நின்ற பிறகே நாவல் திறந்தது.

கண் வழுக்குவது என்பதை உவமையாகச் சொல்லவில்லை. வாசிக்கும்போது நம் கண் வரியின்மேல் சீராக ஊர்வதில்லை. பாரிஸில் எமில் ஜவாலின் ஆய்வகத்தில் 1870களின் இறுதியிலேயே இதைக் கவனித்தார்கள். கண் ஓரிடத்தில் நிற்கும், தாவும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு நிறுத்தமும் சராசரியாக ஒரு செக்கனின் கால் பங்கு. தாவுகிற நேரத்தில் நாம் ஏறக்குறைய குருடர். மூளை அந்த இடைவெளியை மறைத்துவிடுவதால் தெரிவதில்லை. விழித்திரையில் துல்லியமாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது, பார்வைப் பரப்பில் ஏறத்தாழ இரண்டு பாகை. ஆகவே ஒரு நேரத்தில் சில எழுத்துகள்தான் தெளிவாகத் தெரியும். தாவல்களில் பத்துக்கு ஒன்றுக்கு மேல் பின்னோக்கியும் போகும். எழுத்து கடினமானால் நிறுத்தங்கள் நீள்கின்றன, தாவல்கள் குறுகுகின்றன, பின்னோக்கிய பாய்ச்சல்கள் கூடுகின்றன. துப்பறியும் கதைக்கும் சட்ட விளக்கத்துக்கும் ஒரே வேகத்தை எதிர்பார்த்து ‘எனக்கு வாசிப்பு வரவில்லை’ என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வேகம் குறைவது இயலாமையில்லை. கண் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது.

அடுத்து வந்தது பொறியியல். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தில் வாசித்த கட்டுரை, இந்த நாட்டின் மின்வலுவைப் பொருளாதாரக் கண்ணோடு அலசுகிறது. மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் மலையிலிருந்து சடாரென்று விழுகிற இந்தப் பகுதியில் மின்சாரம் எடுக்கலாம் என்றார். நிலக்கரியை விலை கொடுத்து இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. 1920களில் தொடங்கிய வேலை பணமில்லாமல் நின்றது. நோட்டன் அணையில் தேக்கிய தண்ணீர் 400 மீட்டருக்கும் மேல் இறங்கி லக்சபான நிலையத்தைச் சுழற்றத் தொடங்கியது 1950இல்தான். மூன்று வருடம் கழித்து அவர் இறந்துபோனார். 1965இல் வந்த, காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரில் இயங்கும் 50 மெகாவாட் நிலையம் இன்று எங்கள் ஊரான நோட்டன் பிரிட்ஜில் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கணக்கு நிறைந்த அந்தமாதிரி எழுத்து எனக்குச் சுளுவாக வரவில்லை. ஆனால் நினைத்ததைவிடப் புரிந்தது. காரணம் என் புத்திசாலித்தனமில்லை. அணையைத் தினம் பார்க்கிறேன், தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியும். 1988இல் டோனா ரெக்ட், லோரன் லெஸ்லி என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்கப் பள்ளி மாணவர்களிடம் பேஸ்போல் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பகுதியைக் கொடுத்து, விளங்கிக்கொண்டதைச் சோதித்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள் என்று பெயரெடுத்த, ஆனால் பேஸ்போல் தெரிந்த பிள்ளைகள், ஆட்டம் தெரியாத கெட்டிக்கார வாசகர்களைத் தோற்கடித்தார்கள். எங்கள் பக்கத்தில் கிரிக்கெட்டை வைத்துச் செய்தால் இதே முடிவுதான் வரும் என்று பந்தயம் கட்டத் தயார். வாசிப்புத் திறமை என்று தனியாக ஒரு பாத்திரத்தில் எதுவும் இல்லை. அதில் பெரும் பங்கு ஏற்கெனவே தெரிந்த விடயம்தான். ஆகவே பல துறையில் கை வைப்பவருக்கு அடுத்த புத்தகம் லேசாகிறது. அந்த லேசு அதற்கடுத்ததை இழுத்து வருகிறது. உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1986இல் விளக்கியது இந்தப் பெருக்கத்தைத்தான்: வாசிப்பவர் மேலும் வாசிக்கிறார், வாசிக்காதவர் மேலும் பின்தங்குகிறார்.

சொற்களும் அப்படித்தான். ஒரே ஆசிரியரின் தொடர்கதைகளையே வாசித்துக்கொண்டிருந்தால் போகப்போகப் புதுச் சொல் வருவது குறைந்துவிடும். வகையை மாற்றினால் எண்ணிக்கை சட்டென்று ஏறும். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களுக்குப் போனபோது இது தெரிந்தது. பெரட்டு, கங்காணி, கொழுந்து, லயம் என்று அறிக்கையிலும் பொறியியல் கட்டுரையிலும் ஒரு முறைகூட எட்டிப் பார்க்காத சொற்கள் அங்கே வரிக்கு வரி இருக்கின்றன. அவரே ஒரு அதிசயம். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனவர், தேயிலைத் தோட்டம் பற்றி ஆங்கிலத்தில் நெடுங்கவிதை வெளியிட்டவர், நாவல் எழுதியவர், நாட்டார் பாடல் சேகரித்தவர். ஒரே மக்களைச் சொல்ல அவருக்கு இத்தனை வகை தேவைப்பட்டது.

நாவல் வாசித்தால் இரக்கம் கூடும் என்று பலர் சொல்கிறார்கள். 2013இல் கிட், காஸ்டானோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வு, இலக்கியக் கதையைக் கொஞ்சம் வாசித்தாலே பிறர் மனதை ஊகிக்கும் திறன் உயர்கிறது என்றது. உலகமெங்கும் பத்திரிகைகள் கொண்டாடின. 2018இல் ஒரு பெரிய குழு, ‘நேச்சர்’, ‘சயன்ஸ்’ இதழ்களில் வந்த 21 சமூக அறிவியல் சோதனைகளைத் திரும்பச் செய்தது. 13தான் தாங்கின; இந்தக் கதைச் சோதனை தாங்காதவற்றில் ஒன்று. பல வருடம் கதை வாசித்தவர்களுக்குப் பிறர் மனதைப் புரிந்துகொள்ளும் மதிப்பெண் சற்று அதிகமாக இருப்பதைப் பல ஆய்வுகள் காண்கின்றன, ஆனால் அந்தத் தொடர்பு சிறியது. எது முன், எது பின் என்று சொல்லவும் முடியாது. ஒரு சிறுகதை வாசித்து ஒருவர் நல்லவராகிவிடுவார் என்றால் எங்கள் பிரதேசத்தில் நிறையப் பேர் எப்போதோ திருந்தியிருப்பார்கள்.

கலந்து வாசிப்பதற்கு இதைவிடத் திடமான ஆதாரம் ஓவியத்திலிருந்து வருகிறது. நேட் கோர்னெல், ரொபர்ட் பியோர்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2008இல் 12 ஓவியர்களின் படங்களைக் காட்டினார்கள். சில ஓவியர்களின் படங்கள் தொடர்ச்சியாகவும், மற்றவர்களுடையவை கலந்தும் வந்தன. பின்னர் புதிய படம் ஒன்றைக் காட்டி யார் வரைந்தது என்று கேட்டபோது, கலந்து பார்த்த ஓவியர்களைத்தான் கூடுதலாக அடையாளம் கண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், சோதனை முடிந்த பிறகும் ‘தொடர்ச்சியாகப் பார்த்ததுதான் உதவியது’ என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். பக்கத்தில் வேறொன்று இருக்கும்போதுதான் ஒன்றின் தனித்தன்மை தெரிகிறது. ஆனால் அப்படிக் கற்பது கஷ்டமாக இருப்பதால் கற்கவில்லை என்று தோன்றுகிறது. ஓவியத்துக்குப் பொருந்துவது புத்தகத்துக்கு அப்படியே பொருந்தும் என்று நிரூபணமில்லை. இருந்தாலும் அறிக்கைக்குப் பக்கத்தில் வைத்தபோதுதான் நாவல் எனக்கு நாவலாகத் தெரிந்தது.

மவுசாகலை நீர்த்தேக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1969இல் கட்டி முடித்த அணை பற்றிய பொறியியல் பக்கங்களில் கொள்ளளவும் உயரமும் இருக்கும். பழைய மஸ்கெலியா நகரம் அதற்குள் மூழ்கியது. வறட்சியில் தண்ணீர் வற்றும்போது கோவிலும் விகாரையும் தலைகாட்டும். சனம் போய்ப் பார்க்கும். கொள்ளளவை அறிக்கை சொல்லும். தண்ணீருக்குள் போன கோவிலைப் பற்றிச் சொல்ல வேறு வகை எழுத்து வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் வாசித்தவர் அந்த நீர்த்தேக்கத்தைப் பாதிதான் அறிந்தவர்.

‘இதெல்லாம் படித்தவர்களுக்குத்தான், வயது போன எங்களுக்கு ஏது’ என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டானிஸ்லாஸ் டெஹேனின் ஆய்வுக்குழு 2010இல் பிரேசில், போர்த்துக்கல் நாடுகளில் 63 பேரின் மூளையைப் படம் பிடித்தது. சிலர் எழுத்தறியாதவர்கள், சிலர் சிறுவயதில் கற்றவர்கள், சிலர் வளர்ந்த பிறகு கற்றவர்கள். எழுத்து மனிதனுக்கு வந்து ஐயாயிரம் வருடம்தான். அதற்கென்று பிறவியிலேயே மூளையில் இடமிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் வாசிக்கக் கற்றவுடன் இடது மூளையின் அடிப்பகுதியில் ஓரிடம் எழுத்துகளுக்கென்று பழகிக்கொள்கிறது, முகங்களை அறியும் பகுதியிலிருந்து கொஞ்சம் இடம் பிடித்து. வளர்ந்த பிறகு கற்றவர்களிடமும் இந்த மாற்றங்களில் பெரும்பகுதி தெரிந்தது. தோட்டத்துச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் கைநாட்டு வைத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு இது சாதாரணத் தகவல் இல்லை.

வருட முடிவில் என் பட்டியலில் ஒரு ஓட்டை தெரிந்தது. எங்கள் மலையைப் பற்றிய அறிக்கைகள் கிடைத்தன, நாவல்கள் கிடைத்தன, பாடல்கள் கிடைத்தன. நோட்டன் அணையிலும் லக்சபான சுரங்கத்திலும் வேலை செய்தவர்கள் தாமே எழுதிய கடிதமோ நாட்குறிப்போ என் கைக்கு எட்டவில்லை. உங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் அப்படி ஏதும், பழைய துண்டோ சம்பளச் சீட்டோகூட, கிடந்தால் கறையான் தின்னும் முன் படம் எடுத்து ஒரு நூலகத்துக்கு அனுப்பி வையுங்கள்.