முறுக்கிய கம்பியும் மோட்டார் இரைச்சலும்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத் தென்னந்தோப்பு வீடுகளானாலும் சரி, மூணாறு, பீர்மேடு மலையோர வீடுகளானாலும் சரி, பிள்ளைகளின் படிப்பும் வெளியூர் மகனின் முகம் பார்ப்பதும் இன்று ஒரு நெட் கேபிளை நம்பித்தான். எங்கள் வீட்டில் போர் மோட்டார் போட்டவுடன் மகளின் ஆன்லைன் வகுப்பு நின்றுபோகும். ரௌட்டரை மாற்றியும் பயனில்லை. காரணம் சுவருக்குள் இருந்தது. ஒயரிங் செய்தவர் "ஒரே பைப்பு போதுமுங்க" என்று மோட்டார் லைனோடு நெட் கேபிளையும் இழுத்திருந்தார்.

மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் ஓட்டம் பெரிய தொல்லையில்லை. ஸ்டார்ட்டர் விழும்போது எழும் திடீர் அதிர்வுதான் தொல்லை. இதற்கு மருந்து பழையது. தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல், 1881-லேயே இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முறுக்கினால் இரண்டு கம்பிகளும் மாறி மாறி இரைச்சலுக்கு அருகில் வரும். இரண்டிலும் ஒரே அளவு ஏறும். மறுமுனைக் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே எடுத்துக்கொள்வதால் இரைச்சல் கழிந்துபோகும். நம் கேபிளில் இப்படி நான்கு ஜோடிகள்.

ஆகவே முனையில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக்கூடாது. நிற வரிசையும் முக்கியம். 3, 6 ஆகிய ஊசிகள் ஒரே ஜோடிக்குரியவை. தெரியாதவர்கள் 3, 4 என்று அடுத்தடுத்து ஜோடி சேர்த்துவிடுவார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், வேகம் மட்டும் வராது! பாதிப் புகார்களுக்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம்.

மின்லைனிலிருந்து ஒரு சாணாவது, முடிந்தால் ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். குறுக்கே போக நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஒரே பைப்பில் போடவே வேண்டாம். காப்புறை தேய்ந்தால் 230 வோல்ட் கம்ப்யூட்டருக்கே வந்துவிடும், உயிருக்கே ஆபத்து. தகடு சுற்றிய கேபிள் வாங்கினால் எர்த் சரியாக இருக்கவேண்டும், இல்லையென்றால் காசு தண்டம்.

இடுக்கிக்காரர்களுக்கு இடிமின்னல் வேறு. வீட்டிலிருந்து வெளிக்கட்டிடத்துக்குச் செம்புக் கேபிள் இழுப்பது மின்னலை அழைப்பது போலத்தான். அங்கே கண்ணாடி இழை போடுங்கள். அதில் ஓடுவது ஒளி. மோட்டாரும் மின்னலும் அதில் இரைச்சல் ஏற்றமுடியாது. 2023 ஜூனில் தொடங்கிய கேரள அரசின் கே-ஃபோன் இழைகள் மின்வாரியக் கோபுரங்களிலும் கம்பங்களிலுமே, மின்கம்பிகளுக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன. இரு முனையிலும் ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் சிறு பெட்டி வேண்டும். தோப்புக்கோடி மோட்டார் அறையில் கேமரா வைப்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு: செம்புக்குள்ள 100 மீட்டர் எல்லை இதற்குக் கிடையாது.