நார்தர்ன் சோல் இரவுகளும் அரிய இசைத்தட்டுகளும்

நார்தர்ன் சோல் என்பது 1960களின் இறுதியில் இங்கிலாந்தின் வடபகுதியிலும் மத்தியப் பகுதியிலும் உருவான ஓர் இசை, நடன இயக்கம் ஆகும். பெயரில் உள்ள வடக்கு இங்கிலாந்தின் வடக்கே. ஆனால் அங்கு ஒலித்த இசை அமெரிக்காவுடையது. டெட்ராய்ட், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் முதலிய நகரங்களில் 1960களின் நடுப்பகுதியில், பெரும்பாலும் கறுப்பினப் பாடகர்கள் பதிவு செய்த விரைவான தாளம் கொண்ட சோல் பாடல்களே இவ்வியக்கத்தின் அடிப்படை. அவற்றிலும் விற்பனையில் வென்ற பாடல்களை விட, வெளியான போது எவரும் வாங்காமல் போன பாடல்களுக்கே இங்கு மதிப்பு அதிகம்.

இன்று பிரித்தானியாவில் நார்தர்ன் சோல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது பழைய நடன இரவுகளைப் பற்றிய ஏக்கம். அன்று பதினெட்டு வயதில் ஆடியவர்கள் இன்று எழுபதை நெருங்கிவிட்டனர் அல்லது கடந்துவிட்டனர். எனினும் அந்த இரவுகளே பின்னோக்கிப் பார்த்தவை தாம். 1974-இல் விகன் நகரில் ஆடிய இளைஞர்கள் கேட்டது 1965, 1966-ஆம் ஆண்டுப் பாடல்களை. அவை வெளியான நாளில் இங்கிலாந்தில் அவற்றை ஏறக்குறைய யாரும் கேட்டதில்லை. தாம் வாழாத ஒரு காலத்துக்கும் பார்த்திராத ஓர் ஊருக்கும் ஏங்கிய தலைமுறை அது. இப்போது அந்த ஏக்கத்தின் மீதே இன்னொரு ஏக்கம் படிந்திருக்கிறது.

பெயர்க் காரணம்

இப்பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் இசைப் பத்திரிகையாளர் டேவ் கோடின். இவர் லண்டனின் கோவென்ட் கார்டன் பகுதியில் சோல் சிட்டி என்ற இசைத்தட்டுக் கடையை நடத்தி வந்தார். கால்பந்தாட்டம் பார்க்க வடக்கிலிருந்து வரும் இளைஞர்கள் அப்போதைய புதிய ஃபங்க் இசையைக் கேட்காமல், சில ஆண்டுகளுக்கு முந்தைய மோட்டவுன் பாணிப் பாடல்களையே கேட்டு வாங்குவதை அவர் கவனித்தார். அவர்களுக்கு எந்த வகையை எடுத்துக் காட்ட வேண்டும் எனக் கடைப் பணியாளர்களுக்குச் சொல்ல அவர் வைத்த அடையாளச் சொல்லே நார்தர்ன் சோல். 1970-இல் புளூஸ் அண்ட் சோல் இதழில் எழுதிய போது இச்சொல் பரவியது. ஆக, ஒரு கடைக்காரரின் வசதிக்காகப் பிறந்த பெயர் இது. அந்தப் பாடல்களைப் பாடியவர்கள் எவரும் தம் இசையை அப்படி அழைத்ததில்லை.

தோல்வியில் பிறந்த அருமை

ஒரு இசைத்தட்டு ஏன் அரிதாகிறது என்பதை அறிந்தால் தான் இவ்வியக்கம் விளங்கும். டெட்ராய்ட்டில் மோட்டவுன் நிறுவனம் பெற்ற வெற்றியைப் பார்த்து, அதே நகரிலும் வேறு நகரங்களிலும் சிறிய இசைத்தட்டு நிறுவனங்கள் ஏராளமாகத் தோன்றின. எட்வின் ஸ்டார் தொடக்கத்தில் பாடிய ரிக்-டிக் அவற்றுள் ஒன்று. அங்கெல்லாம் நல்ல பாடகர்களும் தேர்ந்த வாத்தியக் கலைஞர்களும் இருந்தனர். மோட்டவுனில் சம்பளம் வாங்கிய கலைஞர்களே இரவில் வந்து இந்தச் சிறு நிறுவனங்களுக்கும் வாசித்துக் கொடுத்ததுண்டு. ஆகவே பாடல்களின் தரத்தில் குறை இல்லை. விளம்பரத்துக்குப் பணமில்லை, வானொலியில் ஒலிபரப்பச் செய்யும் செல்வாக்கு இல்லை, கடைகளுக்குச் சரக்கைக் கொண்டு சேர்க்கும் வலை இல்லை. சில நூறு அல்லது சில ஆயிரம் பிரதிகள் அச்சாகி, வானொலி நிலையங்களுக்குச் சில அனுப்பப்பட்டு, மீதி கிடங்கில் தங்கிவிடும். நிறுவனமும் மூடப்படும்.

இந்தக் கிடங்குச் சரக்கைத் தேடி 1970களில் இங்கிலாந்திலிருந்து ஆட்கள் அமெரிக்கா சென்றனர். நிமிடத்துக்கு 45 முறை சுழலும் 7 அங்குல இசைத்தட்டுகளைப் பெட்டி பெட்டியாக மலிவு விலைக்கு வாங்கி வந்தனர். கிங்ஸ் லின் நகரில் இயங்கிய சோல் போல் என்ற விற்பனை நிலையம் இவ்வகையில் பெயர் பெற்றது. ஆயிரக்கணக்கான தட்டுகளைப் புரட்டினால் ஆடத்தக்கது ஒன்று கிடைக்கலாம்.

அவ்வாறு கிடைத்தவற்றுள் பின்னாளில் உலகமே கேட்ட பாடலும் உண்டு. குளோரியா ஜோன்ஸ் 1960களின் நடுவில் பாடிய ‘டெயின்டட் லவ்’ ஒரு இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்தில் இடம்பெற்றது. முதல் பக்கமே விற்கவில்லை. டிஜே ரிச்சர்ட் சியர்லிங் 1973-இல் அமெரிக்கப் பயணத்தில் அதன் பிரதி ஒன்றை வாங்கி வந்து ஒலிக்கவிட்டார். அது நடன அரங்குகளில் பரவியது. 1981-இல் சாஃப்ட் செல் இருவர் குழு அதை மீண்டும் பாடி, பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. குழுவின் டேவிட் பால் பிளாக்பூலில் வளர்ந்தவர். இந்தப் பாடல் அவருக்குத் தெரிந்திருந்ததற்கு நார்தர்ன் சோல் அரங்குகளே காரணம்.

இரவுகள்

மான்செஸ்டரில் 1963-இல் தொடங்கப்பட்ட ட்விஸ்டட் வீல் என்னும் கிளப்பில் இவ்வியக்கம் வேர் கொண்டது. ஆல்நைட்டர் எனப்படும், சனி இரவு முழுவதும் நீளும் நடனம் அங்கு வழக்கமாயிற்று. 1971-இல் அது மூடப்பட்ட பின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் அருகே டன்ஸ்டாலில் இருந்த கோல்டன் டார்ச் ஓராண்டளவு அந்த இடத்தை நிரப்பியது. அமெரிக்கப் பாடகர் மேஜர் லான்ஸ் அங்கு நேரில் பாடிய நிகழ்ச்சி நேரடி இசைத்தொகுப்பாகவும் வெளிவந்தது. பிளாக்பூல் மெக்காவின் ஹைலேண்ட் ரூமில் இயன் லெவின், காலின் கர்ட்டிஸ் ஆகிய டிஜேக்கள் பழைய பாடல்களோடு 1970களின் புதிய சோல் இசையையும் சேர்த்தனர். இதனால் ரசிகர்கள் இரு பிரிவாயினர். அந்தச் சச்சரவு இன்றும் முற்றாக ஓயவில்லை.

இவற்றுள் பெரும்புகழ் பெற்றது விகன் கசினோ. பெயர் கசினோ என்றாலும் சூதாட்டத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. எம்ப்ரஸ் பால்ரூம் என்ற பழைய நடன மண்டபம் அது. 1973 செப்டம்பர் 23 அன்று அங்கு முதல் ஆல்நைட்டர் நடந்தது. நள்ளிரவுக்குப் பின் தொடங்கிக் காலை 8 மணிக்கு முடியும். மது விற்பனை கிடையாது. விழித்திருக்க ஆம்பெட்டமின் மாத்திரைகளை விழுங்கியவர்கள் இருந்தனர், காவல்துறைச் சோதனைகளும் நடந்தன. நடனத்துக்கு ஜோடி தேவையில்லை. ஆணும் பெண்ணும் தனித்தனியே, சுழன்றும் தாவியும் பின்புறம் சாய்ந்து கையூன்றி எழுந்தும் ஆடினர். கால் வழுக்கிச் செல்வதற்காக மரத்தரையில் முகப்பவுடரைத் தூவினர். அகலக் கால்சட்டையும் கையில்லாப் பனியனும் அணிந்து, மாற்றுடையும் துண்டும் வைத்த பையுடன் ரயிலிலும் பேருந்திலும் வந்து சேர்ந்தனர். நிலக்கரிச் சுரங்கங்களும் ஆலைகளும் நிறைந்த வட்டாரம் அது. வாரம் முழுதும் உழைத்தவர்களுக்கு அந்த ஒரு இரவே சொந்தமான நேரம்.

கசினோவிலேயே மிஸ்டர் எம்ஸ் என்ற சிறிய இரண்டாம் அரங்கு திறக்கப்பட்டது. அங்கு ஒலித்தவை ‘பழைய’ பாடல்கள், அதாவது ட்விஸ்டட் வீல், டார்ச் காலத்தில் புகழ் பெற்றவை. இயக்கம் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நிலையில் அதற்குள்ளேயே பழமைக்கு ஒரு தனி அறை தேவைப்பட்டிருக்கிறது.

ஒவ்வொரு இரவும் ஒரே மூன்று பாடல்களுடன் முடிந்தது. டோபி லெஜெண்டின் ‘டைம் வில் பாஸ் யூ பை’, ஜிம்மி ராட்கிளிஃபின் ‘லாங் ஆஃப்டர் டுநைட் இஸ் ஆல் ஓவர்’, டீன் பாரிஷின் ‘ஐ’ம் ஆன் மை வே’ ஆகிய இவை ‘எட்டுக்கு முந்தைய மூன்று’ எனப்பட்டன. காலம் கடந்து போவதையும், இரவு முடிந்த பிறகும் தொடர்வதையும், புறப்பட்டுச் செல்வதையும் தலைப்பிலேயே சொல்லும் பாடல்கள். இரவு முடியும் முன்பே அதற்காக வருந்தத் தொடங்கிவிடும் வழக்கத்தை இந்த மூன்றும் ஏற்படுத்தின எனலாம்.

பெயர் மறைப்பு

ஒரு டிஜேயின் புகழ் பிறரிடம் இல்லாத தட்டு அவரிடம் இருப்பதைப் பொறுத்தது. எனவே தட்டின் நடுவில் உள்ள காகிதத்தின் மேல் வெற்றுத்தாளை ஒட்டி, பாடகர் பெயரையும் பாடல் பெயரையும் மறைத்தனர். கேட்பவர்களுக்குப் பொய்யான பெயர் ஒன்று சொல்லப்படும். போட்டியாளர் அந்தப் பொய்ப் பெயரை வைத்துக்கொண்டு தேடினால் ஒருபோதும் கிடைக்காது. ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் நடத்துநர்கள் 1950களிலேயே தட்டின் பெயரைச் சுரண்டி எடுத்துவிடுவது வழக்கம். அந்த உத்தியின் உடன்பிறப்பு இது. விளையாட்டாகத் தோன்றினாலும் இதில் ஒரு கொடுமை உண்டு. முதல் முறை ஊரறியாமல் போன பாடகர், இரண்டாம் முறை ஆயிரம் பேர் தன் பாட்டுக்கு ஆடும்போதும் வேறொருவர் பெயரில் மறைக்கப்பட்டார்.

ஃபிராங்க் வில்சனின் தட்டு

இதற்குப் பெரும் எடுத்துக்காட்டு ‘டூ ஐ லவ் யூ’ என்ற பாடல். ஃபிராங்க் வில்சன் இதை மோட்டவுனின் துணை நிறுவனமான சோலுக்காக 1965-இல் பாடினார். சுமார் 250 மாதிரிப் பிரதிகள் அச்சாயின என்றும், பாடகராவதை விடத் தயாரிப்பாளராக இருப்பதையே வில்சன் தேர்ந்ததால் வெளியீடு கைவிடப்பட்டுப் பிரதிகள் அழிக்கப்பட்டன என்றும் கூறப்படுகிறது. சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ் முதலியோருக்கு அவர் பின்னர் தயாரிப்பாளராகப் பணியாற்றினார். எப்படியோ தப்பிய பிரதிகளில் ஒன்று 1970களில் சைமன் சூசான் என்ற வணிகரின் கையில் கிடைத்தது. எடி ஃபாஸ்டர் என்ற வேறொரு பாடகரின் பெயரில் அது திருட்டுப் பதிப்பாக வெளிவந்து விகனில் பெரும் வரவேற்பைப் பெற்றது. உண்மை தெரிந்த பின் 1979-இல் பிரித்தானியாவில் முறைப்படி வெளியிடப்பட்டது. 1981 டிசம்பர் 6 அன்று விகன் கசினோவின் கடைசி இரவில், வழக்கமான மூன்று பாடல்கள் முடிந்தும் கூட்டம் கலையாததால், இறுதியாக ஒலித்ததும் இதுவே.

1965-ஆம் ஆண்டுப் பிரதி ஒன்று 2009-இல் 25,742 பவுண்டுக்கும், 2020-இல் ஒரு பிரதி 1,00,000 பவுண்டுக்கும் விற்கப்பட்டது. இதே பாடலை மறுபதிப்பில் சில பவுண்டுக்கு வாங்கலாம். இணையத்தில் செலவின்றியும் கேட்கலாம்.

மூலப் பதிப்பு மட்டும்

அப்படியிருக்க யார் ஏன் இவ்வளவு கொடுக்கிறார்கள்? நார்தர்ன் சோல் அரங்குகள் பலவற்றில் இன்றும் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: முதன்முதலில் அச்சான இசைத்தட்டை மட்டுமே ஒலிக்கவிட வேண்டும். மறுபதிப்பு, திருட்டுப் பதிப்பு, கணினிக் கோப்பு எதற்கும் இடமில்லை. தேடி அலைந்தவரின் உழைப்புக்கு மரியாதை இது என்பர் ஆதரிப்போர். திருட்டுப் பதிப்புகளால் பாடகருக்கு ஒரு காசும் சேரவில்லை என்பதும் அவர்கள் வாதம். ஆனால் பழைய மூலத்தட்டு கைமாறும் போதும் பாடகருக்கு ஒரு காசும் சேர்வதில்லை. அந்த ஒரு இலட்சம் பவுண்டு ஒரு சேகரிப்பாளரிடமிருந்து இன்னொரு சேகரிப்பாளருக்குப் போனது. பாடியவருக்கு ஏதேனும் சேர வாய்ப்புள்ள வழி உரிமம் பெற்ற மறுபதிப்பே. 1980களில் கென்ட் ரெக்கார்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் மூல ஒலிநாடாக்களைத் தேடி, உரிமம் பெற்று, பாடகரின் பெயரும் வரலாறும் அச்சிட்டு வெளியிட்டன. மூலத்தட்டுப் பற்றாளர்கள் இளக்காரமாகப் பார்க்கும் அந்தத் தொகுப்புகளே அறியப்படாத பல பாடகர்களுக்கு முகவரி தந்தன.

பாடகர்கள்

தம் பாடல் கடல் கடந்து வாழ்வதைச் சிலர் அறிந்தனர், சிலர் அறியவில்லை. டீன் பாரிஷின் பாடல் 1975-இல் மீண்டும் வெளியாகி விற்பனைப் பட்டியலில் ஏறியது அவருக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. பின்னர் இங்கிலாந்து வந்து பாடினார். வேறு பலரும் ஐம்பது, அறுபது வயதில் அழைக்கப்பட்டு, தாமே மறந்துவிட்ட பாடலை வரி பிசகாமல் பாடும் கூட்டத்தின் முன் நின்றனர். ஜிம்மி ராட்கிளிஃபுக்கு அது வாய்க்கவில்லை. எட்டு ஆண்டுகள் விகன் இரவுகளை முடித்து வைத்த குரலுக்கு உரியவர் 1973 ஜூலையில், கசினோவின் முதல் ஆல்நைட்டருக்கு இரண்டு மாதங்களுக்கு முன், 36 வயதில் காலமானார்.

பிற்காலம்

கசினோ கட்டடம் 1983-இல் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் இப்போது கிராண்ட் ஆர்கேட் வணிக வளாகம் உள்ளது. ஆல்நைட்டர்கள் ஸ்டாஃபோர்டுக்கும் லண்டனின் 100 கிளப்புக்கும் இடம் மாறித் தொடர்ந்தன. அந்த அரங்குகளில் அதுவரை கேட்காத பாடல்களைத் தேடும் பழக்கம் உயிரோடு இருந்தது. மற்ற பல இடங்களில் விகன் காலப் பாடல்களே திரும்பத் திரும்ப ஒலித்தன. எலைன் கான்ஸ்டன்டைன் இயக்கிய ‘நார்தர்ன் சோல்’ திரைப்படம் 2014-இல் வெளிவந்த பிறகு, அந்த இரவுகளைக் கண்டிராத இளைஞர்களும் அகலக் கால்சட்டையும் பவுடருமாக ஆட வந்தனர். 2023-இல் பிபிசி ப்ராம்ஸ் விழாவில், லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில், ஒரு முழு இசைக்குழு இப்பாடல்களை வாசித்தது. இசைத்தட்டு எதுவும் தேவைப்படாத நார்தர்ன் சோல் இரவு அது.